இராவணன் மீசை

‘புல்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் மக்கள் மனத்தில் எளிமையும் சிறுமையுமே தோன்றும். சிறுமையைப் புன்மை என்கிறோம். குறைபட்ட அறிவைப் புல்லறிவு என்கிறோம். ஆயினும், நாம் உண்ணும் சோறு புல்லின் விதை. பருகும் கருப்பஞ்சாறு புல்லின் தண்டில் ஊறியது. ஏறும் ஏணி மூங்கில் என்னும் புல்லின் உடல். பால் தரும் ஆவும் ஏர் இழுக்கும் எருதும் புல்லை உண்டே உயிர் வாழ்கின்றன. உலகைத் தாங்கி நிற்கும் ஓர் இனத்தையே சிறுமைக்கு உவமை ஆக்கிவிட்டது விந்தை அன்றோ! காலின்கீழ் மிதிபடும் இப்புல்லினத்தின் வகைகளைப் பிரித்து அறிவது எளிய செயல் அன்று. அறியாமையால் விளையும் கேடும் சிறிதன்று. இதனை எர்ணாவூர்க் கடற்கரையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று நன்கு விளக்கும்.

சென்னை மாநகரின் வடபகுதியில், திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே அமைந்தது எர்ணாவூர். அதன் மேற்கே பக்கிங்காம் கால்வாய். கிழக்கே வங்கக் கடல். துறைமுகத்திற்குச் சரக்குப் பெட்டகங்களை ஏற்றிச் செல்லும் நெடிய வண்டிகள் கரையோரச் சாலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். சாலைக்குக் கீழே, கடல் ஊருக்குள் புகாதவாறு கருங்கற்களைக் கொட்டி அரண் செய்திருக்கிறார்கள். ஆங்காங்கே கடலுக்குள் நீண்டு செல்லும் கல்லணைகளும் உண்டு. அவற்றைத் தூண்டில் வளைவு என்பர். இரண்டு வளைவுகளுக்கு இடையே ஒதுங்கிய மணலில் பைபர் படகுகள் ஓய்ந்து கிடக்கும், வலைகள் உலரும், கருவாடு காயும்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பள்ளி மாணவர் சிலர் தம் அறிவியல் ஆசிரியருடன் அம்மணற்பரப்பைத் தூய்மை செய்ய வந்தனர். கிழிந்த பைகளையும் உடைந்த புட்டிகளையும் அறுந்த வலைத் துண்டுகளையும் பொறுக்கிச் சாக்கில் இட்டனர். அவ்வேளையில் ஒரு சிறுவன் ‘ஆ!’ என்று அலறிக் காலைப் பற்றிக்கொண்டு அமர்ந்தான். சாம்பல் பூத்த பச்சை நிறமும், ஊசி போன்ற இலைநுனியும் உடைய ஒரு புற்புதரை அவன் அறியாது மிதித்துவிட்டான். உள்ளங்காலில் குருதி துளிர்த்தது.

“இது ஊசிப்புல்! இதனையும் பிடுங்கி எறிவோம். இதுவும் ஒரு குப்பைதானே!” என்றான் மற்றொருவன். உடனே இருவர் மண்வெட்டியுடன் விரைந்தனர். ஒருவன் புதரின் ஒரு தண்டைப் பற்றி இழுத்தான். அது எளிதில் வரவில்லை. இழுக்க இழுக்கக் கயிறு போல நீண்டுகொண்டே வந்தது. அதன் ஒவ்வொரு கணுவிலும் வேர்கள் இறங்கி மணலைப் பிணைத்திருந்தன. தண்டு முழுதும் வெளிவந்தபோது, அது கிடந்த இடத்து மணல் சரிந்து பள்ளமாயிற்று.

அப்பொழுது, சற்றுத் தொலைவில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து வந்தார். காலில் முள் தைத்த சிறுவனின் ஆயா அவர். “அதைத் தொடாதீர்கள், கண்ணுகளா! அது இராவணன் மீசை” என்றார்.

“ஆயா! என் காலைக் குத்தியதற்கா நீ பரிந்து பேசுகிறாய்?” என்று பேரன் சினந்தான்.

மூதாட்டி சிரித்தார். “குத்தாத மீசை இராவணனுக்கு எதற்கடா?” என்று கூறி, பின்னர்க் கடலைச் சுட்டிக் காட்டினார். “நான் உன் வயதில் இருந்தபோது நம் வீடு எங்கே இருந்தது தெரியுமா? அதோ, அலை உடைகிறதே, அதற்கும் அப்பால். வீட்டிற்கு முன்னே மணல்மேடு இருந்தது. மேட்டின்மேல் இந்தப் புல் படர்ந்திருந்தது. மேடு போயிற்று, புல் போயிற்று, பிறகு வீடும் போயிற்று” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை. மாணவர் கைகளிலிருந்த மண்வெட்டிகள் தாழ்ந்தன.

ஆசிரியர் மாணவரை அருகே அழைத்தார். “இந்த ஒரு புல்லுக்கு நீங்கள் மூன்று பெயர்களைக் கேட்டீர்கள். ஊசிப்புல் என்றீர்கள், குப்பை என்றீர்கள், அம்மா அவர்கள் இராவணன் மீசை என்றார்கள். இம்மூன்றனுள் எது பொருத்தமான பெயர்?” என்று வினவினார். ஒருவரும் விடை கூறவில்லை.

அவ்வினாவின் உட்பொருளைச் சிறிது ஆராய்வோம். பொருள்களை வகைப்படுத்துவதற்கு மக்கள் கைக்கொள்ளும் நெறிகள் பல. குப்பை என்றும் களை என்றும் கூறுவது, நமக்குப் பயன்படுமா, படாதா என்பதை மட்டும் கருதிச் செய்யும் பிரிவு. நெல் வயலில் முளைத்த சோளத்தையும் களை என்றே பிடுங்குவர். அதனால் சோளம் இழிந்தது ஆகாது. ஆகவே, களை என்பது செடியின் இயல்பைக் கூறும் பெயர் அன்று. நம் வேண்டாமையைக் கூறும் பெயரே ஆகும். ஊசிப்புல் என்பதோ தோற்றம் கருதிய பெயர். அது முன்னதினும் மேலானது; எனினும் அதிலும் ஓர் இடர் உண்டு. ஊசி உடைய புற்கள் பல. அவற்றின் ஊசிகளோ வெவ்வேறு உறுப்புகள்.

தமிழ்நாட்டின் வறண்ட மேய்ச்சல் நிலங்களிலும் குன்றுச் சரிவுகளிலும் வளரும் ஒரு புல்லை ஊசிப்புல் என்று வழங்குவர். தாவர நூலார் அதனை ஹெட்டிரோபோகன் கன்டார்ட்டஸ் என்பர். அதன் விதையின் அடியில் கூரிய முனை ஒன்று உண்டு. விதையின் மேலே கருமையான நீண்ட வால் ஒன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். ஈரம் பட்டால் அவ்வால் முறுக்கு அவிழும். உலர்ந்தால் மீண்டும் முறுக்கும். இவ்வாறு சுழன்று சுழன்று, துளையிடும் கருவி போல, விதையை மண்ணுக்குள் புகுத்திவிடும். ஆட்டின் உரோமத்தில் சிக்கினால் தோலையும் துளைத்துத் துன்புறுத்தும். பல விதைகளின் வால்கள் ஒன்றோடொன்று பின்னி, கதிரின் உச்சியில் கயிறு திரித்தாற் போலக் காணப்படும்.

துடைப்பம் கட்ட உதவும் துடைப்பப்புல் மற்றொன்று. அஃது அரிஸ்டைடா என்னும் பேரினத்தைச் சார்ந்தது. அதன் விதையின் நுனியில் ஒரு வாலுக்கு மாறாக மூன்று வால்கள் விரிந்து நிற்கும். இந்த வால் நமக்குப் புதிய உறுப்பு அன்று. வாற்கோதுமையின் கதிரில் மயிர் போல் நீண்டு நிற்பதும் இதுவே. அது பற்றியே அத்தானியம் அப்பெயர் பெற்றது.

மேலைநாட்டார் ஊசிப்புல் என்று சிறப்பாகக் கூறுவது ஸ்டைப்பா என்னும் பேரினத்தையும் அதன் சுற்றத்தையும் ஆகும். குளிரும் வறட்சியும் உடைய பரந்த புல்வெளிகளே அவற்றின் இருப்பிடம். அவற்றின் விதை ஒவ்வொன்றும் நீண்ட ஒற்றை வால் உடையது. வட அமெரிக்காவில் வளரும் ஒருவகையின் விதையையும் வாலையும் கண்ட மக்கள், ஊசியில் நூல் கோத்தது போலும் என எண்ணி, ‘ஊசியும் நூலும்’ என்றே அதற்குப் பெயரிட்டனர்.

இனி, எர்ணாவூர்ச் சிறுவனின் காலைத் தைத்த புல்லை நோக்குவோம். அதனைத் தைக்கச் செய்தது விதையின் வால் அன்று, இலையின் நுனியே. இலை உட்புறமாகச் சுருண்டு, விறைத்து, முனையில் முள்ளாக முடிந்திருக்கிறது. வெயிலும் உப்புக்காற்றும் மிகுந்த கரையில் நீரைக் காத்துக்கொள்ள இச்சுருள் உதவுகிறது. இப்புல்லில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. பெண்செடியின் பூங்கொத்து, எல்லாப் பக்கமும் முட்கள் நீட்டிய பெரிய உருண்டையாகக் காணப்படும். அம்முட்களும் விதையின் வால்கள் அல்ல. சிறுகதிரைத் தாங்கும் காம்பு அதனைக் கடந்து நீண்டு கூர்மை பெற்றவையே அவை. ஒவ்வொரு முள்ளின் அடியிலும் ஒரு சிறுகதிர் ஒளிந்திருக்கும். முதிர்ந்தபின் உருண்டை முழுவதும் செடியினின்று கழன்று, காற்றில் உருண்டோடி, வழியெல்லாம் விதைகளைச் சிதறும். கடற்கரைச் சிறுவர் அதனைத் துரத்தி விளையாடுவர். ஓடும் பந்தினுள் ஒரு குடும்பமே பயணம் செய்கிறது என்பதை அவர் அறியார்.

ஆகவே, ஒன்றன் ஊசி விதையில் உள்ளது; ஒன்றன் ஊசி காம்பில் உள்ளது; ஒன்றன் ஊசி இலையில் உள்ளது. குத்துதல் என்னும் தொழில் ஒன்றே ஆயினும் குத்தும் உறுப்பு ஒன்றன்று. தொழிலைக் கண்டு உறவைத் துணிவது, மீசை வைத்தவர் அனைவரையும் உடன்பிறந்தார் என்று கூறுவதை ஒக்கும்.

புறத்தோற்றத்தால் மயங்காமல் அமைப்பை நோக்கிப் பிரிக்கும் நெறி தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் மரபியலில் நிலைத்திணை உயிர்களைப் புல் என்றும் மரம் என்றும் இரண்டாக வகுத்தார். உயரத்தையோ பருமனையோ அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. வயிரம் வெளிப்புறத்தே அமைந்தவை புல். உட்புறத்தே அமைந்தவை மரம் என்பது அவர் கண்ட இலக்கணம். இதன்படி வானுற ஓங்கிய பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லாகும். அவற்றினும் குட்டையான வேம்பு மரமாகும். பனையைப் பிளந்து பார்த்தவர் இதன் உண்மையை உணர்வர். வெளிப்பகுதி இரும்பு போல் இறுகியிருக்கும். நடுப்பகுதி சோறு போல் மெத்தென்றிருக்கும். வேம்பிலோ நடுவே கருத்த வயிரம் பாய்ந்திருக்கும். உறுப்புகளின் பெயரையும் அவர் பிரித்துரைத்தார். புல்லினத்திற்கு ஓலை, மடல், ஈர்க்கு, பாளை, குலை முதலியவை உரியன. மரத்தினத்திற்கு இலை, தளிர், அரும்பு முதலியவை உரியன. இன்றும் பனையோலை என்கிறோமேயன்றிப் பனையிலை என்று கூறுவதில்லை.

இக்காலத் தாவர நூலார் விதையினுள் இருக்கும் இலைகளை எண்ணி, ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் எனப் பகுப்பர். பனையும் மூங்கிலும் நெல்லும் ஒருவித்திலைப் பிரிவிலேயே அடங்குகின்றன. வேம்பு மற்றதில் அடங்குகிறது. இரண்டு பகுப்புகளும் முற்றும் ஒன்றே எனல் பொருந்தாது. ஏனெனில் பனையும் நெல்லும் இன்று வெவ்வேறு குடும்பங்களாகக் கொள்ளப்படுகின்றன. எனினும், பனையையும் புல்லையும் ஒருபுறம் நிறுத்தி, வேம்பை மறுபுறம் நிறுத்திய பழந்தமிழரின் நுண்ணோக்கு வியத்தற்குரியது.

மேலைநாட்டில் வகைப்பாட்டு நெறிக்கு உறுதியான அடித்தளம் இட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். அவர் 1753இல் வெளியிட்ட நூலில் தாவரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொற்களால் ஆன பெயரைச் சூட்டினார். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். ஊரும் பெயரும் சேர்த்து ஒருவரை அழைப்பது போன்றது இம்முறை. ஸ்டைப்பா, அரிஸ்டைடா என்னும் பேரினங்கள் இரண்டும் அந்நூலிலேயே இடம்பெற்றன.

அத்தகைய பேரறிஞரையும் இராவணன் மீசை ஒருமுறை மயக்கிவிட்டது. 1767இல் அவர் அதனை ஊசிப்புல்லாகிய ஸ்டைப்பாவின் இனத்தில் சேர்த்து ஸ்டைப்பா ஸ்பினிபெக்ஸ் என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டாகிய 1768இல், பர்மன் என்னும் டச்சு நாட்டு அறிஞரும் இந்தியத் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் அதனை அவ்வினத்திலேயே வைத்து ஸ்டைப்பா லிட்டோரியா என்று குறித்தார். கூர்மையைக் கண்டு ஊசிப்புல் என எர்ணாவூர் மாணவர் துணிந்தனர் அன்றோ? அம்மாணவரின் துணிவும் இவ்விரு பேரறிஞரின் துணிவும் ஏறக்குறைய ஒன்றே.

ஆயினும் அறிஞர்க்கும் ஏனையோர்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. பிழையை அறிந்தவுடன் திருத்திக்கொள்ள அறிஞர் நாணுவதில்லை. 1771இல் லின்னேயஸ் இப்புல்லை ஸ்டைப்பாவினின்று நீக்கி, ஸ்பினிபெக்ஸ் எனத் தனிப் பேரினம் ஒன்றை அமைத்தார். முள்ளை ஆக்குவது என்பது அச்சொல்லின் பொருள். அப்போது அவர் இட்ட சிற்றினப் பெயர் ஸ்குவாரோசஸ் என்பது. நெடுங்காலம் அப்பெயரே நூல்களில் வழங்கியது. பின்னர், 1912இல் மெரில் என்னும் அமெரிக்க அறிஞர் இதற்கு ஸ்பினிபெக்ஸ் லிட்டோரியஸ் என்னும் பெயரை நிலைநாட்டினார். முதலில் இடப்பட்ட சிற்றினப் பெயரையே போற்ற வேண்டும் என்பது தாவரப் பெயரீட்டின் விதி. 1767ஆம் ஆண்டுப் பெயரைக் கொண்டால் இரண்டு சொற்களும் ‘ஸ்பினிபெக்ஸ்’ என்றே அமையும். அவ்வாறு ஒரே சொல் இரட்டித்து வருதல் தாவரவியலில் விலக்கப்பட்டது. எனவே, அதனை அடுத்துப் பழமையான, 1768ஆம் ஆண்டுப் பெயர் ஏற்கப்பட்டது. லிட்டோரியஸ் என்பதற்குக் கடற்கரைக்குரியது என்று பொருள். ஒரு புல்லின் பெயருக்காக இத்துணை வழக்காடுவதா என்று நகைக்க வேண்டா. பெயர் பிறழ்ந்தால் பொருள் பிறழும். பொருள் பிறழ்ந்தால் செயலும் பிறழும். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் வளரும் டிரையோடியா என்னும் முட்புல்லை அந்நாட்டு மக்கள் இன்றும் ஸ்பினிபெக்ஸ் என்றே அழைக்கின்றனர். உண்மையான ஸ்பினிபெக்சோ கடற்கரையில் வாழ்வது.

நம் நாட்டாரும் இத்துறையில் உழைத்துள்ளனர். கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளராக விளங்கிய கே. ரங்காச்சாரியார், தென்னிந்தியச் சமவெளிகளில் பரவலாக வளரும் ஏறக்குறைய 100 புற்களை விளக்கிக் கையேடு ஒன்றை எழுதினார். அது 1921இல் சென்னை அரசாங்க அச்சகத்தில் பதிப்பிக்கப்பெற்றது. புல்லின் பெயர் கேட்டு அலுவலர் பலர் அவருக்குப் புற்களை அனுப்பி வந்தனர்; அவர்தம் தேவையே அந்நூல் எழுதக் காரணம் ஆயிற்று. புல்லை அறிய விரும்புவோர் கணுவையும், இலையுறையையும், உறையும் இலையும் சேரும் இடத்திலுள்ள சிறு நாவையும், சிறுகதிரைப் பொதிந்த உமிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நோக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். பொருளின்பால் அன்பும் வேண்டும்.

இந்நூற்றாண்டில் உயிரணுக்களினுள் அமைந்த மரபுப் பொருளை ஒப்பிட்டு உறவறியும் முறை வளர்ந்துள்ளது. 2001இல் பல நாட்டு அறிஞர் கூடி வெளியிட்ட ஆய்வு, புற்குடும்பத்தை 12 துணைக்குடும்பங்களாகப் பகுத்தது. இன்று 11,000க்கும் மேற்பட்ட புல்லினங்கள் அறியப்பட்டுள்ளன. இவ்வாய்வுகள் காட்டும் உறவுமுறை சுவை மிக்கது. ஸ்டைப்பா என்னும் மேலைநாட்டு ஊசிப்புல், கோதுமையும் வாற்கோதுமையும் அடங்கிய துணைக்குடும்பத்தைச் சார்ந்தது. நம் மேய்ச்சல் நிலத்து ஊசிப்புல், சோளத்திற்கும் கரும்பிற்கும் உறவானது. துடைப்பப்புல் தனக்கெனத் தனித் துணைக்குடும்பம் உடையது. இராவணன் மீசையோ கம்புக்கும் தினைக்கும் நெருங்கிய சுற்றம்! ஏழை மக்களின் பசி தீர்த்த தானியங்களுக்கு உடன்பிறப்பு ஒன்று, கடற்கரையில் மணலை உண்டு காவல் நிற்கிறது.

காவல் என்றது வெறும் புகழுரை அன்று. கடற்காற்று மணலை வாரிக்கொண்டு வரும்போது இப்புதர் அதன் விரைவைத் தடுக்கும். விரைவு குறைந்த காற்று மணலைப் புதரின் அடியில் உதிர்த்துவிட்டுச் செல்லும். மணல் தன்னை மூடினாலும் இப்புல் மடிவதில்லை. கணுக்களிலிருந்து புதிய முளைகளை மேலே செலுத்தும். புதிய வேர்களைக் கீழே இறக்கும். இவ்வாறு மணல் உயரப் புல் உயரும். புல் உயர மணல் உயரும். அருகே அடம்புக் கொடியும் படர்ந்து துணைசெய்யும். ஆண்டுகள் சிலவற்றில் ஒரு மணல்மேடு எழுந்துவிடும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, இத்தகைய மேடுகள் அழியாது நின்ற கரைகள் சிலவற்றில் அலையின் கொடுமை தணிந்திருந்தது. 2011இல் இந்திய அரசு வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையும் மணற்குன்றுகளைச் சிறப்பாகக் காக்கத் தக்கவற்றுள் வைத்து எண்ணியது.

அங்ஙனமாயின், எர்ணாவூர்க் கரையை இப்புல் ஏன் காக்கவில்லை என்று கேட்கலாம். புல் மணலைப் பிடித்து நிறுத்தும். மணலைப் படைக்க அதனால் ஆகாது. சோழமண்டலக் கரையோரம் கடல்நீரோட்டம் ஆண்டுதோறும் பெருமணலைத் தெற்கிலிருந்து வடக்கே சுமந்து செல்வது இயற்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் எழுப்பப்பட்டன. அவை அம்மணலின் வழியை மறித்தன. தெற்கே தங்கிய மணலால் மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கரைக்கு வரவு நின்றது, செலவு மட்டும் தொடர்ந்தது. வரவில்லாத செல்வம் குன்றுவது போல அக்கரை குன்றிற்று. ஊர்கள் பின்வாங்கின. கல்லரணும் தூண்டில் வளைவுகளும் அதன்பின் வந்த காப்புகளே. ஒரு நகரம் மாலையில் காற்று வாங்கி மகிழும் மணலில் ஒரு பகுதி, மூதாட்டியின் வீட்டு முற்றத்திற்கு வந்து சேர வேண்டிய மணல் என்றால் அது மிகையாகாது.

ஆதலின், எஞ்சிய சிறிது மணலும் அதனைப் பற்றி நிற்கும் சிறிது புல்லும் எவ்வளவு அரியவை! அவற்றைக் குப்பை என்னும் வகையில் சேர்த்துக் களைய முற்பட்டது மாணவரின் தீமையால் அன்று, நல்லெண்ணத்தால். நல்லெண்ணம் மட்டும் இருந்து, பிரித்தறியும் அறிவு இல்லையேல், துடைப்பம் எடுத்த கையே வீட்டை இடித்துவிடும். பெயர் அறிந்த மூதாட்டி புல்லைக் காத்தார். அதன் அமைப்பை அறிந்த ஆசிரியர் காக்கும் காரணத்தைக் கூறினார். இராவணன் மீசை என்னும் பெயர் எந்த நூலாரும் இட்டதன்று. கரையில் வாழ்ந்தோர் கண்டு இட்டது. கடல் கடந்த இலங்கையிலும் சிங்கள மக்கள் இதனைப் பேரிராவணனின் தாடி என்னும் பொருள்படவே அழைக்கின்றனர். இரு கரையாரும் ஒரு புல்லில் ஓர் அரசனின் முகமயிரைக் கண்டது வியப்பே. மூன்று பெயர்களுள் இப்பெயர் ஒன்றே வேறு எந்தப் புல்லோடும் மயங்காமல், குத்திய புல்லை மட்டும் சுட்டி நின்றது.

ஆசிரியர் கூறியவற்றைக் கேட்ட சிறுவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு நொண்டியவாறே எழுந்து, பிடுங்கி எறியப்பட்ட நீண்ட தண்டை எடுத்துக்கொண்டு ஆயாவிடம் சென்றான். “இது பிழைக்குமா, ஆயா?” என்று கேட்டான்.

“கணு மணலுக்குள் இருந்தால் பிழைக்கும். கடல் விட்டால் நிற்கும்” என்றார் மூதாட்டி.

தண்டைச் சிறுசிறு துண்டுகளாக்கி, கணுக்கள் புதையுமாறு மாணவர் நட்டனர். சரிந்த பள்ளத்தைக் கையால் மணல் தள்ளி மூடினர். அவ்வாண்டின் மழைக்காலத்துக் கொந்தளிப்பில் கடல் அவற்றுள் பலவற்றைக் கொண்டுசென்றது. தூண்டில் வளைவின் அருகே நட்டவை மட்டும் வேரூன்றிச் சாம்பற்பச்சை முளைகளை நீட்டின. விடுமுறை நாட்களில் அச்சிறுவன் அங்கே சென்று, புதிதாக இறங்கிய கணுக்களை எண்ணி வருவது வழக்கமாயிற்று. செருப்பு அணிந்தே சென்றான். எனினும், வழியில் வருவோர் அப்புதரைச் சுட்டி, ‘இஃது என்ன முள்?’ என்று கேட்டால், ‘இது முள் அன்று, கம்புக்கும் தினைக்கும் உறவு, பெயர் இராவணன் மீசை’ என்று நின்று விடை கூறாமல் அவன் அகன்றதில்லை.